பாயில் ஒரு ஒட்டு

உப்புப் போகப் படகுப் பாயை அலசிக்கொண்டிருந்த பத்தூலியின் கை ஓரிடத்தில் நின்றது.

வெளுத்த பாயின் நடுவே சிவப்பாக ஒரு ஒட்டு. முந்திரிக்காய் அச்சுப் போட்ட துணி. பெண்கள் இடுப்பில் கட்டும் காங்காவிலிருந்து கிழித்தது.

அவளிடம் அப்படி ஒரு காங்கா கிடையாது.

தென்காற்று ஓய்ந்து, படகு மணலில் சாய்ந்து கிடந்தது. அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியாகிவிட்டது. புருஷன் அத்மானி மேல்பலகைக்குச் சுறா எண்ணெய் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பலகையைத் துளைக்கும் புழுவைச் சுட ஓலை சுமந்துவந்த படகாள் கொம்போ பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணி, பாய்ல பூ பூத்திருக்கு? அண்ணன் எந்தக் கரையில தண்ணி ஊத்துனாரோ!"

கரையே சிரித்தது. பத்தூலியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நாளைக்கு ஊர் சிரிக்கும்.

 அத்மானி தெற்கே மாலிந்திக்கு மரக்கம்பு ஏற்றிப் போனால், இப்போதெல்லாம் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கித்தான் வருகிறார். கேட்டால் காற்றில்லை என்பார். அவளும் நம்பினாள், பைத்தியக்காரி.

ஏற்கெனவே வீட்டில் ஒரு ஆள் குறைவு. மகள் ஜுஹுரா யாரோ தச்சனோடு தெற்கே போய்விட்டாள். அவள் பேரே இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று கத்தியவர் இவர்தான். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்றாவது விசாரியுங்கள் என்று பத்தூலி காலைப் பிடித்து அழுதபோது, உதறிவிட்டுக் கடலுக்குப் போனார்.

அந்த மனுஷன் இப்போது இன்னொரு வீடு பார்த்துக்கொண்டாரா?

பிய்த்துக் கடலில் எறிந்துவிடலாம். ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

நூல் விடவில்லை. குனிந்து பார்த்தாள்.

தையல் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இடது கைத் தையல். அந்தக் கையை அடித்து அடித்து மாற்றப் பார்த்தவளே பத்தூலிதான். சோறு அள்ள வலது கை பழகியது, ஊசிக்கு மட்டும் பழகவே இல்லை. நூல் கோக்கவும் வராது. ஊசியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடி வருவாள்.

நெம்பிய இடத்தை விரலால் நீவிவிட்டாள். அலசி முடித்த பாயில் மறுபடி உப்புத் தண்ணீர் சொட்டியது.

எனக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. உயிரோடு இருக்கிறாள். ஊசி பிடிக்கிறாள்.

நிமிர்ந்தாள். அத்மானி தேய்த்த பலகையையே தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் முழங்கை வழியாக வழிந்து மணலில் விழுந்தது.

"காத்துல கிழிஞ்சுபோச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

கொம்போ ஓலையைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போகும்வரை பத்தூலி காத்திருந்தாள். பிறகு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அடுத்த தடவை கிழிஞ்சா நானும் கூட வரேன். அவளுக்கு நூல் கோக்க வராதுங்க."

அத்மானியின் கை நின்றது. 

"நான்தான் கோத்துக் குடுத்தேன்" என்றார்.