மூன்றாவது சர்வீஸ்

கமலநாதன் கார் சாவியைக் கவுண்டரில் போட்டார். வைக்கவில்லை. போட்டார்.

"மூணாவது தடவை."

மாதவி எழுந்து நின்றாள். கிள்ளானில் அந்த சர்வீஸ் சென்டரில் அவள் சேர்ந்து ஐந்து மாதம்தான். அதற்குள் இவருடைய கார் நம்பர் மனப்பாடம்.

விஷயம் இதுதான். தைப்பூசம் முடிந்ததிலிருந்து காரின் பின்னால் ஒரு சத்தம். பிரேக் போட்டால் டக். பள்ளத்தில் இறங்கினால் டக் டக். முதல் தடவை ஷாக் அப்சார்பர் என்றார்கள், மாற்றினார்கள். இரண்டாம் தடவை இரண்டு நாள் வைத்திருந்து, சத்தமே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். கார் காப்பாரில் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே டக் டக்.

"இன்னிக்கு ஏமாத்த முடியாது. வழியெல்லாம் சத்தம் வந்துச்சு. ஏறு, நீயே ஓட்டிப் பாரு."

இந்தத் தடவை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சர்வீஸ் என்றாலே அவர் மனைவி குமுதா முதல் நாள் சாயங்காலமே வாளியும் துணியுமாகக் காருக்குள் புகுந்துவிடுவாள். அழுக்கு வண்டியை நிறுத்தினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பாள். கழுவவும் சேர்த்துத்தான் காசு வாங்குறான் என்று இவர் கத்துவார். அவள் காதில் ஏறாது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, முடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

மாதவி ஓட்டினாள். முதல் சிக்னலிலேயே டக்.

"கேட்டுச்சா?" கமலநாதன் முகத்தில் நாலு நம்பர் லாட்டரி அடித்த சந்தோஷம்.

"கேட்டுச்சு அங்கிள். பின்னால சாமான் வைக்கிற பூட்ல ஏதும் இருக்கா? சில பேர் சாமி சாமான் வச்சிருப்பாங்க. அது உருளும்."

"என் கார்ல சாமியும் கிடையாது, சாமானும் கிடையாது. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்தேன். அன்னிக்கே என் சம்சாரம் இந்தக் கண்ணாடியில முருகன் வேல் ஒண்ணைக் கட்டித் தொங்கவிட்டா. கழட்டிக் குப்பையில போடுன்னேன். போட்டுட்டா. கார் எண்ணெய்ல ஓடுது, வேல்ல இல்ல."

மாதவி வண்டியைத் திருப்பினாள்.

காத்திருக்கும் அறையில் குடிக்க ஓசி மைலோ கொடுத்தார்கள். பக்கத்தில் புகார்ப் பெட்டி. கமலநாதன் மைலோவைத் தொடவில்லை, ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

மெக்கானிக் ஜெயராஜ் கையைத் துடைத்தபடி வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அங்கிள், அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம்தான் வேலை நிரந்தரம் ஆகணும். ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு. இன்னிக்கு அஞ்சரைக்கு மேனேஜர் பெட்டியைத் திறப்பாரு. இதுவும் பெட்டிக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான் லா."

"அப்ப வேலையைக் கத்துக்கிட்டு வரச் சொல்லு."

ஃபாரத்தில் 'தவறு செய்தவர் பெயர்' என்று ஒரு கட்டம். மாதவி என்று பெரிதாக எழுதினார். கீழே இரண்டே வரி. வேலை தெரியவில்லை. மூன்று தடவை அலைக்கழித்தார்.

அரை மணி நேரத்தில் அவளே சாவியோடு வந்தாள்.

"ஒரு கிளிப் லூசா இருந்துச்சு அங்கிள். சரி பண்ணியாச்சு. காசு வேணாம்."

"ஒரு கிளிப்பைக் கண்டுபிடிக்க மூணு தடவையா?"

"எங்க தப்புதான் அங்கிள்."

அவள் கண் முன்னாலேயே ஃபாரத்தைப் பெட்டியில் போட்டார். போட்ட வேகத்தில் பெட்டி மூடி டக் என்றது.

காப்பார் வரை காரில் சத்தமே இல்லை. வேண்டுமென்றே இரண்டு பள்ளத்தில் இறக்கிப் பார்த்தார். ஊஹூம்.

வாசலில் குமுதா அவர் தலையைத்தான் முதலில் பார்த்தாள். முடி அப்படியே இருந்தது. சர்வீசுக்குப் போய்வந்ததைச் சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது.

"சொல்லாமயா போனீங்க? நான் வண்டியைச் சுத்தம் பண்ணலையே."

சொல்லிக்கொண்டே காருக்கு ஓடினாள். பின்னால் பூட் மூடியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழிக்குள் கையை விட்டாள். கமலநாதன் பின்னாலேயே போய் நின்றார்.

"என்ன அது?"

அவள் கையில் ஒரு விபூதி டப்பா. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. திறந்து காட்டினாள். விபூதிக்குள் அந்த வேல்.

"குப்பையில போட மனசு வரலைங்க. தைப்பூசத்தன்னிக்குக் கோயில்ல வச்சு எடுத்து இதுக்குள்ள போட்டேன். சர்வீசுக்குப் போறப்ப மட்டும் எடுத்துடுவேன், கண்டவங்க கை படுமேன்னு. வந்ததும் திரும்ப வச்சுடுவேன்."

கமலநாதன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றிக் கெட்டியாகக் கறுப்பு ஸ்பாஞ்சு. குழிக்குள் உருளாதபடி டேப் போட்டுச் சுற்றியிருந்தது.

குமுதாவும் அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

"இந்த ஸ்பாஞ்சு நான் சுத்தலையே."

கமலநாதன் கையை நீட்டினார். திட்டு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் டப்பாவை வாங்கினார். மூடியை அழுத்தினார். குனிந்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார். விரிப்பைப் போட்டு, பூட் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

மணி பார்த்தார். நாலு ஐம்பது.

"இப்ப எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"கிள்ளானுக்கு."

"வண்டிதான் சரியாயிடுச்சுன்னீங்க?"

கமலநாதன் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு ஃபாரத்துல தப்பான ஆள் பேரை எழுதிட்டேன்."