எதிர் பெஞ்சுக்காரன் தூக்கம்

பிள்ளையார்பாளையத்து மனநல கிளினிக்கில் காலை வெயில் பெஞ்சுவரை வந்திருக்கிறது. எதிரே ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்து அவள் புருஷன் தூங்குகிறான். "இவருக்குத் தூக்கம் வந்ததுலேர்ந்து ரத்த டெஸ்டுல அழற்சி கம்மியாயிருக்குதுன்னு டாக்டர் சொல்றாரும்மா," என்று அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் காவேரியால் பார்க்க முடியவில்லை. காவேரியின் பக்கத்தில் அவள் புருஷன் சிவராஜ், ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, தன் காதுக்கு மட்டும் கேட்கும் குரலுக்கு முணுமுணுவென்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் தறியில் உட்கார்ந்தும் கண்ணை மூடியும் வெகுநாளாகிறது. அவனுக்கும் அதே டாக்டர், அதே மாத்திரைதான். காவேரி வேண்டுமென்றே டிபன் டப்பாவைக் கீழே நழுவவிடுகிறாள். கூடமே அதிர்கிறது. எதிரே தூங்குகிறவன் அசையவில்லை. சிவராஜ்தான் முணுமுணுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து டப்பாவை எடுக்கிறான். "மெதுவா காவேரி," என்கிறான், "பாவம், அவரு தூங்கிக்கினு இருக்காரு."