கடைவாய்ப் பல்லும் ரத்தக்காட்டேரிப் பிரபுவும்

"ஏழு பாகத்துலயும் அந்த ரத்தக்காட்டேரிப் பிரபு ஊர் ஊராப் போய் ரத்தம் குடிக்கிறான். அதையெல்லாம் மூணு தடவை படிச்சிருக்கே. ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கா இப்படி நடுங்கறே?"

பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கணவர் கேட்டதும், கணக்கு டீச்சர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு முறைத்தாள்.

"அது பிரபுவோட பல்லுங்க. இது என் பல்லு."

இதற்கு முன் இரண்டு தடவை ஊசியைக் கண்டதுமே நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியவள் அவள். இன்றும் எடுக்காவிட்டால் சீழ் தாடைக்குப் பரவிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல், 'ஈரக்கல் மாளிகை' ஏழாம் பாகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்ததும் புத்தகத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார்.

"அட, நீங்களும் நம்ம கட்சியா டீச்சர்?"

டீச்சருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "நிஜமாவா டாக்டர்? உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"

"மணியடிக்கிற கிழவனைத்தான். வாயை நல்லாத் திறங்க. பாவம், ரெண்டாம் பாகத்துல பிரபு அவனைக் கடிச்சே கொன்னுட்டான்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடித்தானா? கிழவன் கால் தவறி மணிக்கூண்டிலிருந்து அல்லவா விழுந்தான்! அந்தத் துக்கத்தில் பிரபு மூன்று நாள் பட்டினி கிடந்தானே! சொல்லிவிடத் துடித்தாள். ஆனால் வாய் டாக்டரின் வசத்தில் இருந்தது.

"ஆ... ஊ..."

"பார்த்தீங்களா, உங்களுக்கும் அதே வருத்தம்தான்."

ஊசி போட்டு முடித்ததை டீச்சர் கவனிக்கவே இல்லை. டாக்டரும் விடுவதாக இல்லை.

"அந்தச் சீமாட்டியும் லேசுப்பட்டவ இல்ல. பிரபுவைச் சுத்திச் சுத்தி வந்ததே சொத்துக்காகத்தான்."

சொத்துக்காகவா? தன் நகையெல்லாம் விற்று அவனுக்குச் சவப்பெட்டி செய்து கொடுத்தவளைப் போயா? பரீட்சைத் தாளில் எவனாவது இப்படி எழுதியிருந்தால், முட்டை போட்டு, அப்பாவை அழைத்துவரச் சொல்லியிருப்பாள்.

"நீங்க முழிக்கிறதைப் பார்த்தா, உங்களுக்கும் அவளைப் பிடிக்காது போல."

மாளிகைக்கு ஜன்னலே கிடையாது என்றார் டாக்டர். பிரபுவுக்கு ஒரு கண் குருடு என்றார். அவனுக்கு ஒரே ஒரு தங்கைதான் என்றார். வாய்க்கு வந்ததை அவர் அடுக்கிக்கொண்டே போக, டீச்சர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொதித்தாள்.

"அவ்வளவுதான் டீச்சர், முடிஞ்சது." டாக்டரின் இடுக்கியில் கடைவாய்ப் பல் இருந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று உத்தரவு. பேசத்தானே கூடாது? டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். மேஜையில் கிடந்த தாளில் மடமடவென்று எழுதினாள். ஏழு பிழைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாகம், அத்தியாயம். கடைசியில், 'தயவுசெய்து ரசிகர் என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதீர்கள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.

உள்ளே வந்த கணவர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பல்லைப் பிடுங்கினவருக்கே ஃபெயில் மார்க்கா? தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திட்டு வாங்கிய மாணவனைப் போல வரிக்கு வரி படித்தார்.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்களே. பிரபுவுக்கு இன்னொரு தங்கச்சி உண்டு. ஆறாம் பாகம், பதினொண்ணாம் அத்தியாயம்."

டீச்சர் பஞ்சைக் கடிக்கவும் மறந்து நின்றாள்.

"போன ரெண்டு தடவையும் இந்தப் புத்தகத்தோடதானே ஓடினீங்க? ஒரு வாரமா யோசிச்சு, உங்களை நாற்காலியில பிடிச்சு வைக்கறதுக்குன்னே எட்டுத் தப்பு தயார் பண்ணினேன், நீங்க ஏழுதான் கண்டுபிடிச்சிருக்கீங்க!"