கண்ணைப் பார்த்தால் ஒரு கடலை

தாய் அணிலுக்கு ஒரே பிள்ளை. கூப்பிட்டால் திரும்பாது, முகம் பார்க்காது. பொழுதன்றைக்கும் கிளையில் வேப்பங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும்.

"ஆறே மாசத்துல குணமாக்கிக் காட்டுறேன்" என்றது கிளி. கிளியின் கண்ணைப் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு கடலை, பார்க்காவிட்டால் கிடையாது. அவ்வளவுதான் வைத்தியம்.

ஆறாம் மாதம் பிள்ளை இமைக்காமல் பார்த்தது. "பூரண குணம்!" என்று கிளி மரத்தையே கூட்டிச் சொன்னது. "இது குணமாகுற சமாச்சாரமே இல்ல" என்று காகம் மல்லுக்கு நின்றது. தாய்க்குக் காகத்தின் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் வானத்தில் பருந்து வட்டமிட்டது. "பொந்தை விட்டு வெளிய வராதே, என்ன?" என்றது தாய். பிள்ளை தாயின் கண்ணையே பார்த்துத் தலையாட்டியது. ஆட்டிவிட்டு நேரே கிளை நுனிக்குப் போனது.

தாய் பாய்ந்து இழுத்துவந்தது. "தலைய ஆட்டுனியேடா!"

"கண்ணைப் பாத்தா நீ பேசுறது காதுல விழாதும்மா."

தாய் பிள்ளையைக் கொட்டைகளின் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பருந்தைப் பற்றி முதலிலிருந்து சொன்னது.

பிள்ளை ஒரு கொட்டையை வரிசையில் வைத்தபடியே கேட்டது: "இப்ப அது போயிடுச்சாம்மா?"