மூடிய கதவைப் பார்த்தபடி

மாலை வெயில் கோப்பு அலமாரிகளின்மேல் சாய்ந்து கிடக்கிறது. எல்லோரும் கிளம்பிய பிறகும், தனியார் கம்பெனியில் தலை நரைத்து இன்றுதான் அரசு வேலையில் சேர்ந்தவர் மட்டும் அசையவில்லை. பூட்டக் காத்திருக்கும் காவல்காரம்மா சாவிக்கொத்தோடு அவரையே கவனிக்கிறாள். ஒரு கோப்பு காணாமல் போனாலும் அவள் வேலைதான் போகும். அவர் கை இழுப்பறைக்குப் போகிறது. அவள் கண்ணும் கூடவே போகிறது. மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு, அதிகாரியின் அறைக் கதவையே பார்க்கிறார்.

“வீட்டுல சண்டையா சார்? கிளம்பலையா?”

“அதிகாரி உள்ள இருக்கும்போது நான் எப்படிம்மா எந்திரிக்கிறது?”

“அவரு அப்பவே பின்பக்கமாப் போயிட்டாரு சார்.”

முதல் நாளே மாட்டிவிடப் பார்க்கிறாளோ என்று அவர் அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். அவள் சிரிக்காமல் போய் அந்தக் கதவைத் திறந்து காட்டுகிறாள். காலி நாற்காலிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் அவர் பையை எடுக்கிறார்.