பதினாலாம் நம்பர் நடந்த தூரம்

"யாரைக் கேட்டு அந்த எலியைக் கொன்னீங்க ஓரேகே?"

டாக்டர் கம்ஷாத் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஏழு பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒராஸ்பெக் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். ஊரில் ஆடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு அல்மாட்டிக்கு வந்தவர். மரியாதையாகப் பெயரைச் சுருக்கி ஓரேகே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுது டாக்டரம்மா. அதான் வெள்ளிக்கிழமை ஊசி போட்டு முடிச்சிட்டேன்."

"கஷ்டப்பட்டுதா? இங்க வாங்க. இதைப் பாருங்க!"

திரையில் நாலு வண்ணப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூக்குக்கு ஒன்று, காதுகளுக்கு இரண்டு, வாலின் அடிக்கு ஒன்று. முந்நூறு படங்களில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொண்டது. கூண்டுக்கு மேலே மாட்டிய கேமராவைப் பார்த்தே, எந்தச் சுண்டெலி எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே நின்றது என்று புட்டுப் புட்டு வைத்துவிடும்.

"எல்லாம் நடுக்குவாதம் வந்த எலிங்க. ஒரு நாளைக்கு நாற்பது மீட்டர் நகர்றதே பெரும்பாடு. பதினாலாம் நம்பர் நானூறு மீட்டர் நடந்திருக்கு. நானூறு! மூணு வருஷமா இந்த மருந்தோட மல்லுக்கட்டறேன். மருந்து பலிச்சுதுன்னு காட்ட ஒரே ஒரு எலி கிடைச்சுது. அதையும்..."

வியாழக்கிழமை நிபுணர் குழு வருகிறது. இந்த மருந்தைத் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும்.

"நடந்துச்சுதான். இல்லேன்னு சொல்லல" என்றார் ஒராஸ்பெக்.

"அப்புறம் என்ன கஷ்டம்? கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? இது ஒண்ணும் உங்க ஊரு ஆட்டுப்பட்டி இல்ல!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"என் தப்புதான் டாக்டரம்மா."

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தயாரானது. கம்ஷாத் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து வேலை செய்ததை மூளையிலாவது காட்டலாம் என்று, பனிப்பெட்டியில் கிடந்த பதினாலாம் நம்பரை உதவியாளர் அக்போதாவிடம் கொடுத்தாள். புதன்கிழமை காலை அக்போதா முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

"அக்கா, வயித்துக்குள்ள மருந்து கசியற சின்னக் குப்பி வச்சுத் தைச்சிருந்தோமே, அந்தத் தையல் உள்ளே பிரிஞ்சிருக்கு. முழுக்கச் சீழ்."

"அந்த வலியோடவா அவ்வளவு தூரம் நடந்துச்சு?"

"அந்த வலியாலதான் நடந்துச்சு. படுத்தா வயிறு தரையில அழுந்தும். பாவம், அதால படுக்கவே முடியலக்கா."

கேமரா மேலே இருந்தது. வயிறு அதற்குத் தெரியாது. வலியில் அலைந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் குணமான கணக்கில் சேர்த்திருந்தது.

"ஓரேகே ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தாரு. நீங்கதான் காதைப் பொத்திக்கிட்டீங்க."

உண்மைதான். குப்பி வைத்துத் தைத்த பிறகு ஆய்வு முடியும்வரை, கணக்கெடுக்கிறவர் எலிகளை நேரில் பார்க்கக் கூடாது, அவற்றைப் பற்றி யாரும் அவரிடம் பேசவும் கூடாது. பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும், கணக்கும் சாய்ந்துவிடும். கணக்கெடுப்பதும் கம்ஷாத்தான், அந்தச் சட்டம் போட்டதும் அவள்தான். சட்டத்தில் கோளாறு இல்லை. ஓர் உயிர் துடிக்கிறது என்று சொல்ல வந்தவரையும் அதைக் காட்டித் துரத்தியதுதான் கோளாறு. ஆறு நாள், இரவும் பகலும் அந்தச் சின்ன ஜீவன் நடந்திருக்கிறது. அவள் திரையில் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள்.

அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒராஸ்பெக்குக்குப் போன் போட்டாள். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. அண்ணனோடு மேய்ச்சலுக்கு மலைக்குப் போய்விட்டாராம்.

"மன்னிச்சிடுங்க ஓரேகே. திரும்பி வந்துடுங்க. நானே பேசி வேலையை வாங்கித் தரேன்."

"வேண்டாம் டாக்டரம்மா. இங்க நல்லாத்தான் இருக்கேன். மத்த எலிங்களை மட்டும் ஒரு தடவை தூக்கி வயித்தைப் பார்த்துடச் சொல்லுங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

"திங்கட்கிழமை நான் அவ்வளவு பேசினேனே, அப்பவாவது தையல் பிரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாமே! வேலை போயிருக்காதே. ஏன் சொல்லல?"

"தையல் போட்டது நீங்களாச்சே டாக்டரம்மா. அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"