மோதிரம் பார்த்த பக்கம்

இந்தக் காலத்தில் எவனும் சாமானைச் சாமானாக விற்பதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு அட்டை. கம்பளிச் சட்டைக்கு ஒரு கதை. கல் சிலுவைக்கு ஒரு கதை. கயிற்று முடிச்சு மாதிரி ஒரு தோடு, அதற்கும் ஒரு கதை. மருமகள் ஜெனிட்டா படித்துச் சொல்லச் சொல்ல, அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார்.

எல்லாம் விலையை ஏற்றத்தான்.

கடை அப்படியே இருந்தது. வாலிபத்தில் வேலை பார்த்த கப்பல் பழுதாகி அயர்லாந்தின் இந்தப் பழைய துறைமுகத்தில் கிடந்தபோது, இதே பலகைத் தரையை மிதித்திருக்கிறார். மேலெல்லாம் இஞ்சின் எண்ணெய் நாற்றம். கல்யாணமான புதிது. இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும் வெள்ளி மோதிரம். தூத்துக்குடியில் இருந்த சலேத்தம்மாளுக்கு வாங்கினார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி என்னவோ விளக்கினார். இவர் காது கொடுக்கவில்லை.

அந்தக் கடைக்காரர் இப்போது கல்லாவுக்கு மேலே படமாக இருந்தார். கல்லாவில் அவர் மகள்.

சலேத்தம்மாள் போய்விட்டாள். மோதிரம் இவர் சுண்டுவிரலுக்கு வந்தது. விரல் வற்றிப்போய், கழன்று கழன்று விழுகிறது. நேற்று இங்கே மகன் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய், குழாயைக் கழற்றி எடுத்தார்கள்.

சுருக்கித் தருகிறேன், உள்ளே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் கல்லாவில் இருந்த அம்மாள். அவர் கையை மூடிக்கொண்டார். உள்ளே போன பொருள் அதே பொருளாகத் திரும்பும் என்று என்ன நிச்சயம்?

கடைசியில் அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தாள். அவர் நிலைப்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்தார்.

விரலில் போடுமுன் அவள் ஏதோ கேட்டாள். ஜெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமாவுக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்கிறாளாம். இருந்தால் இதயத்தின் நுனி நம்மைப் பார்க்கப் போட வேண்டுமாம். வெளியே பார்த்தால் யாரும் இல்லை என்று அர்த்தமாம்.

அவர் படத்தில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

சலேத்தம்மாள் கடைசிவரை வெளியே பார்க்கத்தான் போட்டிருந்தாள். போட்டுவிட்டவர் அவர்தான். ஒருமுறை கப்பலிலிருந்து வந்தபோது, உனக்குத் தலைகீழாக அல்லவா தெரிகிறது, திருப்பிப் போடேன் என்றார். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது வெளிய பாத்தாத்தான நீங்க வாறது தெரியும்."

அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா," என்றார்.

நுனியை உள்ளே பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கியது.

வெளியே வந்ததும் அவர் மோதிரத்தோடு மல்லுக்கட்டினார். எச்சில் தொட்டு, முறுக்கிக் கழற்றி, நுனி வெளியே பார்க்கத் திருப்பிப் போட்டார்.

அட்டை எழுதினவனுக்கு என்ன தெரியும்.

துறைமுகச் சுவரோரம் கடல்காற்று எலும்பைக் கடித்தது. மோதிரம் இல்லாத கையை மட்டும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.